ஒளியை மின்சுற்றாகப் படித்தவர்: நாதிர் எங்கெத்தாவின் ஆய்வு வரலாறு

மெட்டாமெட்டீரியல் என்று ஆய்வுலகம் அழைக்கும் மீப்பொருளின் குணத்தை அதன் வேதியியலைவிட அதன் வடிவமே அதிகம் தீர்மானிக்கிறது. செம்பு வளையங்களையும் கம்பித் துண்டுகளையும், வந்து மோதும் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியனவாகச் செய்து ஒழுங்காக அடுக்கினால், அலைக்கு அவை தனித்தனித் துண்டுகளாகத் தெரிவதில்லை. அடுக்கு முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு அலை வளைகிறது, திரும்புகிறது, அல்லது அடங்கிப்போகிறது. வளையத்தின் அளவையோ இடைவெளியையோ மாற்றினால் அதே செம்பு வேறொரு பொருளைப்போல நடந்துகொள்ளும். கண்ணாடிக்கும் நீருக்கும் வைரத்துக்கும் இயற்கை வைத்த ஒளிவிலகல் எண்களுக்குள்ளேயே புழங்க வேண்டும் என்ற கட்டாயம் இதனால் தளர்ந்தது. நுண்ணலைக்கு இந்தத் துண்டுகள் மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் அதே வேலையை வாங்க, சில பத்து நானோமீட்டர் வரை இறங்க வேண்டும். அந்த அளவில் மீப்பொருளியலும் நானோஒளியியலும் ஒரே துறையாகிவிடுகின்றன.

இத்துறையை வளர்த்தவர்களில் இயற்பியலாளர்களும் உண்டு, பொறியாளர்களும் உண்டு. பிரிட்டனின் ஜான் பெண்ட்ரி முதல் வகை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1987 முதல் பணியாற்றிவரும் நாதிர் எங்கெத்தா இரண்டாம் வகை. அவர் மின்பொறியியல் பேராசிரியர். ஆண்டெனா, அலைக்குழாய், மின்தேக்கி, மின்தூண்டி என்று வானொலிப் பொறியாளர் அன்றாடம் கையாளும் கருத்துகளை, அவற்றுக்கு இடமே இல்லை என்று கருதப்பட்ட ஒளியின் உலகத்துக்குள் அவர் கொண்டுசென்றார். ஏறத்தாழ 40 ஆண்டுகளாக அவர் எழுதிய கட்டுரைகளில் தலைப்புகள் மாறிக்கொண்டே வந்தன. அவற்றைப் பார்த்த கண் மட்டும் மாறவில்லை.

எங்கெத்தா 1955-ல் டெஹ்ரானில் பிறந்தார். டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1978-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் சேர்ந்து, 1979-ல் முதுநிலைப் பட்டத்தையும் 1982-ல் முனைவர் பட்டத்தையும் முடித்தார். அங்கே அவருடைய நெறியாளர் சார்ல்ஸ் பாப்பாஸ். மின்காந்த அலைப் பரவலைப் பற்றி 1965-ல் வெளிவந்த பாப்பாஸின் நூல், மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணிதச் சுத்தத்தோடு கையாளும் மரபைச் சேர்ந்தது. மாணவரிடமும் அந்த மரபு ஊறியது. கணினியில் எண்களைக் கொட்டி விடை காண்பதற்கு முன், எளிய வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு காகிதத்திலேயே அதன் இயல்பைக் கறந்துவிடும் பழக்கம் அவருடைய பிற்காலக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் தெரிகிறது.

கால்டெக்கில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல்களில் ஒன்று, இரண்டு ஊடகங்களின் எல்லையில் கிடக்கும் ஆண்டெனா. தரைமேல் படுக்கவைத்த கம்பி ஆண்டெனா, காற்றுக்குள் அனுப்புவதைவிட அதிக ஆற்றலைத் தரைக்குள்தான் செலுத்துகிறது; அதுவும் எல்லாத் திசையிலும் சமமாக அன்று, குறிப்பிட்ட கோணங்களில் குவித்துச் செலுத்துகிறது. மண்ணுக்குள்ளோ பனிக்குள்ளோ ரேடாரால் துழாவுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் விஷயம். பாப்பாஸோடும், பின்னாளில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்கு இயக்குநரான சார்ல்ஸ் எலாச்சியோடும் சேர்ந்து இதைப் பற்றிய கட்டுரையை எங்கெத்தா 1982-ல் வெளியிட்டார். தொடக்கமே எல்லைப்பரப்பில் நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஓர் அலை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தில் என்ன ஆகிறது என்ற கேள்விக்கே அவர் மீண்டும் மீண்டும் திரும்பினார்.

முனைவர் பட்டத்துக்குப் பின் ஓராண்டு கால்டெக்கிலேயே ஆய்வாளராக இருந்தார். 1983 முதல் 1987 வரை, கேமன் சயின்சஸ் நிறுவனத்தின் டைக்வுட் பிரிவில் மூத்த ஆய்வு விஞ்ஞானியாக வேலை பார்த்தார். 1987-ல் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அழைத்தது. 1990-ல் இணைப் பேராசிரியர், 1995-ல் பேராசிரியர் என்று படிப்படியாக உயர்ந்தார். வேறு பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயராத வாழ்க்கை அது.

பென்சில்வேனியாவில் அவர் முதலில் கைவைத்தது இடவலத்தன்மை கொண்ட ஊடகங்களில். வலப்புரியாகச் சுருண்ட கம்பிச் சுருளை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது இடப்புரியாகாது. அப்படிப்பட்ட சுருள்கள் நிறைந்த ஒரு பொருளின் வழியே மின்காந்த அலை போனால், அதன் அதிர்வுத் தளம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே போகும். சர்க்கரைக் கரைசலில் ஒளிக்கு நேர்வது இதுதான். அங்கே மூலக்கூறு செய்யும் வேலையை இங்கே கம்பிச் சுருள் செய்கிறது.

இந்த ஆய்வின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ், தாமே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு மில்லிமீட்டர் அளவிலான அலைநீளம் உள்ள மின்னலைகளை ஆராய்ந்தவர். திருகிய சணல் இழைகளை அலையின் பாதையில் வைத்து, அதன் தளம் சுழல்வதை அவர் காட்டினார். வலப்புறம் திருகிய சணல் ஒரு திசையிலும் இடப்புறம் திருகியது எதிர்த்திசையிலும் தளத்தைச் சுழற்றின. அந்தக் கட்டுரை 1898-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை இதழில் வெளிவந்தது. மூலக்கூறு செய்வதைக் கையால் திரித்த பொருளைக் கொண்டு செய்துகாட்டிய அந்தச் சோதனையை, செயற்கை மின்காந்தப் பொருள்களின் வரலாறு எழுதுகிறவர்கள் இன்று முதல் வரிசையில் வைக்கிறார்கள். அது அதற்கு உரிய இடம்தான். அதன்பின் ஃபின்லாந்தின் கார்ல் லிண்ட்மன், 1914 வாக்கில் செம்புக் கம்பிச் சுருள்களைப் பஞ்சு உருண்டைகளுக்குள் பொதித்து, ஒழுங்கின்றிக் கலந்து அடுக்கி, அதே விளைவை வானொலி அலையில் கண்டார்.

1980-களில் இத்துறை மறுபடி உயிர்பெற்றபோது, பென்சில்வேனியா மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள் அதில் முன்நின்றன. ஒன்றில் எங்கெத்தாவும் அவருடைய சக பேராசிரியர் டுவைட் ஜாகர்டும். மற்றொன்றான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி ஆய்வாளர்களான அக்லேஷ் லக்தாகியா, விஜய் வரதன், வசுந்தரா வரதன். இடவல ஊடகத்தின்மேல் ஆண்டெனா அமைத்தால் என்ன ஆகும், அத்தகைய ஊடகத்தால் ரேடார் அலையை விழுங்கும் பூச்சு செய்ய முடியுமா, அலைக்குழாய்க்குள் அதை நிரப்பினால் அலைகள் எப்படிப் பிரியும் என்று எங்கெத்தா குழுவின் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. 1989-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் அவருக்கு இளம் ஆய்வாளருக்கான குடியரசுத் தலைவர் விருதை வழங்கியது. மீப்பொருள் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. ஆனால் வடிவத்தால் பொருளின் குணத்தைச் செய்யலாம் என்ற எண்ணம் முழுதாக அங்கே இருந்தது.

பொறியாளர்களிடம் அந்த எண்ணத்துக்கு வேறு முன்னோர்களும் உண்டு. 1940-களில் பெல் ஆய்வகத்தின் வின்ஸ்டன் காக், நுண்ணலைக்காக உலோகத் தகடுகளாலும் உருண்டைகளாலும் வில்லை செய்தார். கண்ணாடியில் செய்தால் அது சுமக்க முடியாத எடை ஆகியிருக்கும். 1962-ல் வால்டர் ராட்மன், உலோகக் கம்பி வலைகளையும் அலைக்குழாய்களையும் கொண்டு பிளாஸ்மாவின் மின்குணத்தை நடித்துக்காட்டலாம் என்று எழுதினார். இந்தக் கட்டுரைகளைப் பின்னாளின் இயற்பியலாளர்கள் பலர் தாமதமாகத்தான் கண்டெடுத்தார்கள். ஆண்டெனாத் துறையில் பயின்றவர்களுக்கு அவை பாடமாகவே தெரிந்திருந்தன.

1990-களில் எங்கெத்தாவின் கவனம் இரண்டு எதிர்பாராத திசைகளில் போனது. ஒன்று மீனின் கண். நன்னீரில் வாழும் பச்சைச் சன்ஃபிஷ், ஒளியின் அதிர்வுத் தளத்தை உணரக்கூடியது என்று கருத இடமிருந்தது. மனிதக் கண்ணுக்கு அந்த ஆற்றல் ஏறக்குறைய இல்லை. கலங்கிய நீரில் எல்லாப் பக்கமும் சிதறிவரும் ஒளி, நாம் பார்க்க விரும்பும் பொருளை மறைத்துவிடுகிறது. பார்வை உணர்வை ஆராய்ந்த எட்வர்ட் பியூ போன்றோரோடு சேர்ந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் ஒரே காட்சியைப் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும் முறையை அவர் குழு உருவாக்கியது. பின்புலச் சிதறல் இரண்டு படத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு இருப்பதால் கழிவில் மறைந்துபோகிறது. பொருளிலிருந்து வரும் சிறு வேறுபாடு மிஞ்சி நிற்கிறது. 1995-ல் வெளிவந்த இந்த முறை, மங்கலான ஊடகத்துக்குள் சாதாரணப் படத்தில் தெரியாத விவரங்களை வெளிக்கொண்டு வந்தது.

மற்றொன்று முழுக்கக் கணிதம். ஒரு சார்பை ஒருமுறை வகையிடலாம், இருமுறை வகையிடலாம். அரைமுறை வகையிட முடியுமா? பின்ன நுண்கணிதம் முடியும் என்கிறது. எங்கெத்தா அதை மின்காந்தத்துக்குள் கொண்டுவந்து, மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் இடைப்பட்ட தீர்வுகளைப் பற்றி எழுதினார். கருவி எதையும் இது உடனே தரவில்லை. ஆனால் வகையிடல் என்ற செயலை அலையே செய்யும்படி விடலாம் என்று அவர் பின்னர் யோசித்ததற்கு இந்தப் பயிற்சி வீணாகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2000-ஆம் ஆண்டையொட்டித் துறையே தலைகீழாக மாறியது. மாஸ்கோவின் லெபெதெவ் கழகத்தில் விக்தர் வெசெலாகோ 1967-லேயே ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். ஒரு பொருள் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் எப்படி ஈடுகொடுக்கிறது என்று சொல்லும் மின் விடுதிறனும் காந்த உட்புகுதிறனும் ஒருசேர எதிர்க்குறி பெற்றால் என்ன நடக்கும்? அதன் ஒளிவிலகல் எண் எதிர்க்குறி பெறும், அதற்குள் நுழையும் ஒளி வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும் என்பது அவர் கண்ட விடை. அத்தகைய பொருள் இயற்கையில் கிடைக்காததால் அந்தக் கட்டுரை 30 ஆண்டுகள் தூங்கியது. 1996-ல் மெல்லிய கம்பி அடுக்கையும் 1999-ல் பிளவுபட்ட வளையங்களையும் முன்வைத்து, இரு எதிர்க்குறிகளையும் பெறும் வழியை லண்டனில் பெண்ட்ரி காட்டினார். சான் டியேகோவில் டேவிட் ஸ்மித், ஷெல்டன் ஷுல்ட்ஸ் குழு 2000-ல் அப்படிப்பட்ட பொருளைச் செய்து, 2001-ல் அலை எதிர்ப்பக்கம் வளைவதை நுண்ணலையில் அளந்தது. சிலர் கடுமையாக மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் இதழ்களில் விவாதம் நடந்து, வேறு ஆய்வகங்களின் அளவீடுகள் வந்தபிறகே எதிர்ப்பு ஓய்ந்தது. இந்தியாவிலிருந்து இத்துறைக்கு வந்தவர்களில் முக்கியமானவர், பெண்ட்ரியோடு பணியாற்றிப் பிறகு கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான அனந்த ராமகிருஷ்ணா. எதிர்க்குறி ஒளிவிலகல் பற்றி 2005-ல் அவர் எழுதிய விரிவான திறனாய்வுக் கட்டுரையை உலகெங்கும் மாணவர்கள் படித்தார்கள்.

எதிர்க்குறிப் பொருளால் செய்யக்கூடிய வில்லையைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது எங்கெத்தா 2002-ல் எழுதியது ஒரு பெட்டியைப் பற்றி. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே அலை ஒத்ததிர வேண்டுமானால் இடைவெளி குறைந்தது அரை அலைநீளமாவது இருக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. அவர் இடைவெளியில் ஒரு பகுதியைச் சாதாரணப் பொருளாலும் மறுபகுதியை எதிர்க்குறிப் பொருளாலும் நிரப்பினார். முதல் அடுக்கில் அலை பெற்ற கட்டத்தை, அதாவது அலைவில் அது எட்டிய நிலையை, இரண்டாவது அடுக்கு திரும்பப் பறித்துக்கொள்கிறது. அப்போது ஒத்ததிர்வைத் தீர்மானிப்பது இரு தடிமன்களின் கூட்டுத்தொகையாக இல்லாமல் அவற்றின் விகிதமாகிறது. ஆகவே பெட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் மெலிதாக்கலாம். சில பக்கக் கணிதத்தில் அரை அலைநீளம் என்ற நூற்றாண்டுப் பழைய வேலி சாய்ந்தது.

அவருடைய பணிகளில் மிக உயர்ந்ததாகக் கொள்ளத்தக்கது 2005-ல் வந்தது. அலெசாண்ட்ரோ சலாந்திரீனோ, அந்திரேயா அலூ ஆகியோருடன் எழுதிய அந்தக் கட்டுரை, ஒளிக்கு மின்சுற்று அமைக்க முடியுமா என்று கேட்டது. மின்னணுவியல் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்குக் காரணம் அதன் அடுக்கும் முறை. மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி என்ற மூன்று உறுப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அவற்றை இணைத்தால் வடிப்பான் வரும், அலையியற்றி வரும். உள்ளே புலங்கள் எப்படிப் பாய்கின்றன என்று வடிவமைப்பாளர் கவலைப்பட வேண்டியதில்லை. ஒளியில் இந்த வசதி இல்லை. காரணம் வெறும் அளவு அன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளி நொடிக்கு 400 லட்சம் கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. அந்த வேகத்தில் வெள்ளியும் பொன்னும் கம்பிபோல மின்னோட்டத்தைக் கடத்துவதை விட்டுவிடுகின்றன. வானொலிச் சுற்றை அப்படியே சுருக்கி நானோ அளவில் செய்துவைத்தால் அது வேலை செய்யாது.

எங்கெத்தாவின் விடை, கடத்தல் மின்னோட்டத்தையே மறந்துவிடு என்பதுதான். மேக்ஸ்வெல் தம் சமன்பாடுகளில் சேர்த்த இடப்பெயர்ச்சி மின்னோட்டம், கம்பி இல்லாத இடத்திலும் புலம் மாறும்போதெல்லாம் ஓடுகிறது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஒரு கண்ணாடி உருண்டையை ஒளியில் வைத்தால், அந்த மின்னோட்டத்துக்கு அது ஒரு மின்தேக்கியாகத் தெரிகிறது. அதே அளவு வெள்ளி உருண்டையின் விடுதிறன் அந்த அதிர்வெண்ணில் எதிர்க்குறி கொண்டது. ஆகவே அது மின்தூண்டி. பொருள் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதுவே மின்தடை. ஓர் உருண்டையை இன்னொன்றின் அருகே வைத்தால் உறுப்புகள் இணைந்துவிடுகின்றன. பொருளையும் அளவையும் தேர்ந்து அருகருகே வைப்பதே சுற்று அமைப்பது. ஒளியியலார் சிதறல் என்று பார்த்ததை ஒரு சுற்றுப் பொறியாளர் சுற்றாகப் படித்தார். இரு துறையும் ஒரே சமன்பாட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தன என்பது அப்போது வெளிப்பட்டது.

2007-ல் சயின்ஸ் இதழில் இந்தக் கருத்தை அவர் விரிவாக முன்வைத்தார். மெட்டாட்ரானிக்ஸ் என்ற பெயரும் அதற்கு அமைந்தது. சோதனை 2012-ல் கைகூடியது. சிலிக்கான் நைட்ரைடால் ஆன மிக மெல்லிய தண்டுகளை இடைவெளிவிட்டு வரிசையாக அமைத்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கடந்துவந்ததை அளந்தார்கள். மின்தேக்கியும் மின்தூண்டியும் கொண்ட சுற்று எப்படி நடக்கும் என்று கணக்கு சொன்னதோ அப்படியே அளவீடும் வந்தது. அதில் ஒரு புதுமையும் உண்டு. ஒளியின் மின்புலம் தண்டுகளுக்கு இணையாக இருந்தால் உறுப்புகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. செங்குத்தாக இருந்தால் தொடர் இணைப்பில். ஒரே அமைப்பு இரண்டு சுற்றுகள். பலகையில் பற்றவைத்த எந்த மின்சுற்றும் இதைச் செய்யாது. கருத்துக்கும் சோதனைக்கும் இடையே 7 ஆண்டுகள் என்பது இத்துறையில் பெரிய தாமதம் அன்று.

ஆண்டெனாவும் அதே வழியில் சுருங்கியது. வீட்டுக்கூரைகளில் தொலைக்காட்சிக்காக நின்ற யாகி-உடா ஆண்டெனாவை நானோத் துகள்களின் வரிசையாக ஒளிக்கு அமைக்கலாம் என்று 2007-ல் எங்கெத்தா குழு எழுதியது. 2010-ல் ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகக் குழு பொன் தண்டுகளால் அப்படியொன்றைச் செய்து, ஒளி ஒரே திசையில் செல்வதைக் காட்டியது.

பொதுமக்களிடம் இத்துறைக்குப் பெயர் வாங்கித் தந்தது மறைப்பு. 2005-ல் அலூவும் எங்கெத்தாவும் முன்வைத்த முறையில், பொருளைச் சுற்றி ஒரு பூச்சு பூசப்படுகிறது. பொருள் சிதறும் அலையும் பூச்சு சிதறும் அலையும் எதிரெதிராக இருந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2006-ல் பெண்ட்ரியும் ஸ்மித்தும் முன்வைத்த முறை வேறு. அது அலையைப் பொருளைச் சுற்றி வளைத்துக்கொண்டுபோய் மறுபுறம் சேர்க்கிறது. செய்தித்தாள்கள் இரண்டையும் மாயப்போர்வை என்றே எழுதின. அலூ பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவர் குழு 2012-ல், 18 செ.மீ. நீளமுள்ள உருளை ஒன்றை நுண்ணலைக்குப் புலப்படாமல் ஆக்கிக் காட்டியது. மறைப்பு ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையில் மட்டுமே நடக்கும், பொருள் பெரிதாகப் பெரிதாகக் கைகொடுக்காது. இதனால் நீடித்த பயன் ஆளை மறைப்பதில் இல்லை. உணர்கருவி தான் அளக்கும் புலத்தைத் தானே குலைக்காமல் இருக்கச் செய்வதில் இருக்கிறது. இதை எழுதியவர்களும் அலூவும் எங்கெத்தாவுமே.

மறைப்பைவிட ஆழமானது, ஒளிவிலகல் எண் பூச்சியத்தை நெருங்கும் பொருள்களைப் பற்றிய பணி. எண் குறையக் குறையப் பொருளுக்குள் அலைநீளம் நீண்டுகொண்டே போகும். எண் பூச்சியமானால் அலைநீளம் எல்லையற்றது. அப்போது பொருளின் ஒரு முனையில் புலம் ஏறினால் மறுமுனையிலும் அதே கணத்தில் அதே கட்டத்தில் ஏறும். ஊரே பிடித்திழுக்கும் தேர்வடம் நுனி முதல் அடி வரை ஒருசேர நகர்வதைப்போல. செய்தி ஒளியைவிட வேகமாகப் போகிறது என்று இதற்குப் பொருள் அன்று. புதிதாக ஒரு துடிப்பு உள்ளே பரவ எடுக்கும் நேரம் எடுக்கவே செய்யும். நிலைத்த அலைவில்தான் இந்த ஒருமை.

போர்ச்சுகலின் மாரியோ சில்வெய்ரிஞ்ஞாவுடன் எங்கெத்தா 2006-ல் இதிலிருந்து எடுத்த முடிவு வியப்பானது. இரண்டு அலைக்குழாய்களை மிகக் குறுகிய சந்து ஒன்றால் இணைத்தால், வழக்கமாக அலை முட்டித் திரும்பிவிடும். அந்தச் சந்தினை விடுதிறன் பூச்சியமான பொருளால் நிரப்பினால் அலை முழுதுமாக நுழைந்து மறுபுறம் வரும். சந்து வளைந்திருந்தாலும் சரி, முறுக்கியிருந்தாலும் சரி. சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு எளிதாகப் போகும் என்பதுதான் உள்ளுணர்வுக்கு ஒவ்வாத பகுதி. 2008-ல் பென்சில்வேனியாவிலும் டியூக் பல்கலைக்கழகத்திலும் இரு குழுக்கள் தனித்தனியே இதை நுண்ணலையில் மெய்ப்பித்தன. 2013-ல் நெதர்லாந்தின் ஆல்பர்ட் போல்மன் குழுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே எண் பூச்சியமான நானோக் குழாய் ஒன்று அளக்கப்பட்டது. 2017-ல் இன்னொரு படி. பூச்சிய விடுதிறன் கொண்ட பொருளுக்குள் ஒரே ஒரு சாதாரணத் தண்டை எங்கே செருகினாலும் முழுப் பொருளின் காந்தக் குணமும் மாறிவிடுகிறது. உள்ளே எங்கும் கட்டம் ஒன்றாக இருப்பதால் தண்டு நிற்கும் இடம் கணக்கில் வருவதில்லை. குறைகடத்தியில் மாசு சேர்ப்பதை ஒத்திருப்பதால் இதை ஒளி மாசூட்டல் என்றார்கள். தொடுதிரைகளில் பூசப்படும் இண்டியம் டின் ஆக்சைடு, அகச்சிவப்பில் இத்தகைய பூச்சிய நிலையை இயல்பாகவே எட்டுகிறது. அங்கே ஒளியின் செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் பெரிதும் மாறுவதை ராபர்ட் பாய்டின் குழு 2016-ல் கண்டது. அலமாரியில் கிடைக்கும் பொருளிலேயே பூச்சிய எண்ணைத் தேடலாம் என்றானபின் இப்பகுதி வேகம் பிடித்தது.

2011-ல் எங்கெத்தா அஷ்கான் வக்கீலுடன் எழுதிய கட்டுரை, ஓர் அணுத் தடிமனே உள்ள கிராஃபீன் தாளில் இடத்துக்கு இடம் வேறு மின்னழுத்தம் கொடுத்து, தாளின்மேலேயே வில்லையும் அலைப்பாதையும் வரையலாம் என்றது. 2014-ல், இரண்டே பொருள்களை 0, 1 போலக் கலந்து வேண்டிய விடுதிறனைப் பெறும் முறை வந்தது.

அதே 2014-ல் தொடங்கிய கணக்கிடும் மீப்பொருள்தான் இன்றும் நடக்கும் பெரிய வேலை. ஓர் அலையின் வடிவத்தை ஒரு சார்பாகக் கொள்ளலாம். அது ஒரு தகட்டைக் கடந்து வெளியே வரும்போது அந்தச் சார்பின் வகைக்கெழுவாகவோ தொகையீடாகவோ மாறியிருக்கும்படி தகட்டை வடிவமைக்கலாம். கணக்கு முடிய ஆகும் நேரம், அலை தகட்டைக் கடக்கும் நேரம்தான். 2019-ல் நசிம் முகம்மதி எஸ்தக்ரி, பிரையன் எட்வர்ட்ஸ் இருவரோடு சேர்ந்து, தொகையீட்டுச் சமன்பாட்டையே தீர்க்கும் அமைப்பு ஒன்றை நுண்ணலையில் செய்தார். பாலிஸ்டைரீனில் ஒழுங்கற்ற துளைகள் கொண்ட துண்டு அது. துளைகளின் வடிவத்தைக் கணினி பின்னோக்கிக் கணித்துக் கொடுத்தது. வெளிவரும் அலையைத் திரும்ப உள்ளே விட்டால், சில சுற்றுகளில் அது சமன்பாட்டின் தீர்வில் போய் நிலைத்துவிடும். 2024-ல், அதே பல்கலைக்கழகத்தின் ஃபிரூஸ் அஃப்லதூனியோடு இணைந்து, சிலிக்கான் சில்லில் ஒளியால் அணிப்பெருக்கல் செய்துகாட்டினார்கள். சில்லின் தடிமனைச் சில இடங்களில் மட்டும் 150 நானோமீட்டர் அளவுக்குக் குறைத்து ஒளியின் பாதை வகுக்கப்பட்டது. வேறு பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. அணிகள் இன்னும் சிறியவை. செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான பெருக்கல்கள் அளவில் மிகப் பெரியவை. இடைவெளி பெரிது. ஆனாலும் உலோகத்தின் உறிஞ்சலால் 20 ஆண்டுகள் திண்டாடிய துறை, சிலிக்கானுக்கு மாறியதால் அந்த இழப்பின் பெரும்பகுதியிலிருந்து தப்பியிருக்கிறது.

இந்தப் பணிகளுக்கிடையே அவர் கற்பித்தலுக்காகவும் பல்கலைக்கழகத்தின் விருதுகளைப் பெற்றார். 2006-ல் ரிச்சர்ட் ஜியோல்கவ்ஸ்கியுடன் சேர்ந்து தொகுத்த மீப்பொருள் நூல் பொறியியல் மாணவர்களுக்கு நுழைவாயிலானது. 2020-ல் பிரிட்டனின் இயற்பியல் கழகம் ஐசக் நியூட்டன் பதக்கத்தையும், 2023-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் கழகம் மின்பொறியியலுக்கான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கத்தையும் அவருக்கு அளித்தன. ஒரு மின்பொறியாளருக்கு நியூட்டன் பெயரிலான இயற்பியல் பதக்கம் கிடைத்தது, அவர் எந்த இரு துறைகளின் எல்லையில் நின்றார் என்பதற்குச் சான்று.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் நுண்ணலை ஆய்வகங்களில் இருக்கும் எக்ஸ்-பட்டை மேசைக் கருவியும் இந்த வரலாற்றோடு தொடர்புடையதுதான். அதன் செவ்வக அலைக்குழாயின் உள் அகலம் 22.86 மி.மீ. அதில் 9 கிகாஹெர்ட்சில் அளந்தால் குழாய்க்குள் அலைநீளம் ஏறத்தாழ 48.6 மி.மீ. வரும், வெளியே காற்றில் அது 33.3 மி.மீ. அப்படியானால் குழாய்க்குள் அலை உணரும் எண் ஏறக்குறைய 0.69. அதிர்வெண்ணை, அதற்குக் கீழே குழாய்க்குள் அலை பரவாத வெட்டு எல்லையான 6.56 கிகாஹெர்ட்சை நோக்கி இறக்கினால் அந்த எண் பூச்சியத்தை நெருங்கும். பென்சில்வேனியாவின் 2008-ஆம் ஆண்டுச் சோதனை நின்றது இந்த உண்மையின்மேல்தான். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் இந்த அளவீட்டைச் செய்து பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதே வகுப்பில் இன்னும் அரைமணி நேரம் எடுத்து, பூச்சிய எண் என்றால் என்ன, அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும் ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.